வாறுகால் எங்கே போகிறது? தாமிரபரணிக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் படித்துறையில் குப்பை அள்ள, சாக்கும் கையுறையுமாக நாங்கள் நாலைந்து பேர் நின்றால், குளிக்க வருகிறவர்கள் சும்மா தாண்டிப் போவதில்லை. "என்ன அண்ணாச்சி, மாநகராட்சியா?" என்று ஆரம்பிப்பார்கள். தலை துவட்டி முடிப்பதற்குள் பேச்சு அவர்கள் வீட்டுச் செப்டிக் டேங்க் வரை வந்துவிடும். அப்படிக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடமாகிவிட்ட கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஊர் திருநெல்வேலி, ஆறு தாமிரபரணி. வேறு ஆற்றங்கரைக்காரர்கள் ஆற்றின் பெயரையும் கால்வாயின் பெயரையும் மாற்றிக்கொண்டால் முக்கால்வாசி பொருந்தும்.

ஆற்றைக் கெடுப்பது ஆலைக்காரர்கள். அவர்களை விட்டுவிட்டு வீட்டுக்காரனிடம் வந்து சொன்னால் எப்படி?

எப்போதும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். நொய்யல் என்றால் சாயப்பட்டறை, பாலாறு என்றால் தோல் ஆலை என்று கையைக் காட்டிவிடலாம். தாமிரபரணிக் கரையிலும் ஆலைகள் உண்டு, அவை சட்டத்துக்குப் பதில் சொல்லட்டும். ஆனால் திருநெல்வேலியைத் தாண்டும்போது ஆற்றில் வந்து சேர்வதில் பெரும்பங்கு நம் குளியலறை, அடுப்படி, கக்கூஸ் தண்ணீர். 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர், ஒரு பொதுநல வழக்குக்காக நேரிலேயே வந்து கழிவுநீர் ஆற்றில் விழும் இடங்களைப் பார்த்துப் போனார்கள். அவர்கள் கண்முன் ஓடியது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடை.

ஒரு சின்னக் கணக்கு. அழுகும் பொருள் தண்ணீரில் விழுந்தால் அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு எடுக்கும் என்பதை பி.ஓ.டி. என்ற அளவால் சொல்கிறார்கள். குளிக்கத் தகுந்த ஆறு என்றால் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கரைந்த ஆக்ஸிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. வீட்டுச் சாக்கடையில் பி.ஓ.டி. 200, 300 என்பது சர்வசாதாரணம். ஒரு குடம் சாக்கடையைச் சரிக்கட்ட ஆறு எத்தனை குடம் நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் அவ்வளவு தண்ணீருக்கு அது எங்கே போகும்?

எங்கள் தெருவுக்கும் ஆற்றுக்கும் மூன்று கிலோமீட்டர். எங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி ஆற்றுக்குப் போகும்?

நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் காலையில் வேலையில்லாமல், வீட்டு வாசல் வாறுகாலை, அதாவது தெரு ஓரச் சாக்கடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டில் துணி துவைத்த நீலத் தண்ணீர் முன்னால் போனது, நான் பின்னால். தெருமுனையில் அதோடு ஒரு ஓட்டலின் இலை கழுவிய தண்ணீர் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு கல்பாலத்துக்கு அடியில் நுழைந்து, மாட்டுக்கொட்டகையை ஒட்டி வெளியே வந்து, இருபது நிமிஷத்தில் பாளையங்கால்வாயில் விழுந்தது. விழுகிற இடத்துக்கு ஐம்பது அடி கீழே ஓர் ஆச்சி உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரில் என் வீட்டுத் தண்ணீரும் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாமிரபரணியில் பழைய அணைக்கட்டுகள் எட்டு. அவற்றில் பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாயும், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாயும் பிரிந்து ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. வயலுக்கும் குளத்துக்கும் தண்ணீர் கொண்டுபோக வெட்டியவை. நம் தெருக்கள் வளர்ந்தபோது வாறுகால்களுக்குப் போக்கிடம் தேடி, எல்லாவற்றையும் இவற்றில் திருப்பிவிட்டோம். டவுனில் நயினார்குளத்தைப் பாருங்கள், நெல்லைக் கால்வாய் எதைக் கொண்டுவருகிறதோ அதுதான் அந்தக் குளம். ஆறு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கால்வாய் உங்கள் தெருவுக்கே வந்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இதுதான். ஒருநாள் உங்கள் வாறுகால் போகிற இடம் வரை நடந்து பாருங்கள். கீழே எழுதியிருப்பதில் பாதி அதற்குப் பிறகு தேவைப்படாது.

வடை சுட்ட எண்ணெயை எங்கே கொட்டுவது?

பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டாதீர்கள், அவ்வளவுதான். எண்ணெய் தண்ணீரின் மேல் ஏடாகப் படிந்து காற்று உள்ளே இறங்குவதைத் தடுக்கும். ஆற்றுக்குப் போவதற்கு முன்பே உங்கள் குழாய்க்குள் சோப்போடு சேர்ந்து கட்டியாகி அடைத்துக்கொள்ளும், பிளம்பருக்குக் காசு. கொஞ்சமாக இருந்தால் மரத்தூளிலோ பழைய பேப்பரிலோ ஊறவிட்டுக் குப்பையில் சேர்த்துவிடலாம். ஓட்டல், பலகாரக் கடை வைத்திருப்பவர்களிடம் பழைய எண்ணெயை விலைக்கு வாங்கி பயோடீசலுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். டின்னில் சேர்த்து வைத்தால் காசாகும்.

எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் ஒரு பழைய தாளால் வழித்துத் துடைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இதைக் கொண்டுவர ஆறு மாதம் பிடித்தது. இப்போது நான் மறந்தால் எனக்குத் திட்டு விழுகிறது.

வடிகஞ்சி, மாவு கழுவிய தண்ணீர், சாம்பார் மிச்சம் எல்லாம் சாப்பாட்டுப் பொருள்தானே என்று பலர் நினைக்கிறார்கள். மாட்டுக்குப் போனால் சாப்பாடு. வாறுகாலுக்குப் போனால் மேலே சொன்ன பி.ஓ.டி. கணக்கில் போய்ச் சேரும்.

சோப்பும் சலவைத்தூளும் இல்லாமல் துவைக்க முடியுமா?

முடியாது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. அளவைக் குறைக்க முடியும். நாம் கையால் அள்ளிப் போடுகிற தூளில் கணிசமான பங்கு, அழுக்கை எடுக்கத் தேவையானதற்கு மேல்தான். நாலாவது அலசிலும் நுரை வந்தால் தூள் அதிகம் என்று அர்த்தம். டப்பாவுக்குள் ஒரு பழைய கரண்டியைப் போட்டு வையுங்கள், கை தானாகக் கட்டுப்படும். பாஸ்பேட் உள்ள தூள் என்றால் அது தண்ணீருக்குள் பாசிக்கு உரம். நுரை தரும் பொருள் மீனின் செவுள் மேல் இருக்கும் வழவழப்பைக் கரைத்துவிடும், பிறகு அது மூச்சு விடத் திணறும்.

நம் பழைய வீடுகளில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வாழை நிற்கும். அலங்காரத்துக்கு வைத்ததல்ல. அலசின தண்ணீர் அந்தப் பாத்திக்குப் போகும், மண்ணும் வேரும் அதை வடிகட்டும். கல்வாழையும் சேம்பும்கூட நன்றாகக் குடிக்கும். இரண்டடி மண் உள்ள வீடு என்றாலும் இதைச் செய்யலாம். முதல் அலசில் காரம் அதிகம், அதை விட்டுவிட்டு இரண்டாவது, மூன்றாவது அலசுத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்த தண்ணீரை மட்டும் பாத்தியில் விட வேண்டாம்.

ஆற்றில் குளிப்பதும் தப்பா?

ஐயோ, குளியுங்கள்! குளிக்கிறவன் இருக்கும்வரைதான் ஆற்றைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்கும். குளிக்க வருவது நின்றுபோன படித்துறை சீக்கிரமே குப்பைமேடாகிவிடும், இரண்டு மூன்று இடங்களில் கண்ணெதிரே பார்த்தாயிற்று.

சீயக்காயோ கடலைமாவோ என்றால் நல்லது. சோப்புத்தான் வேண்டும் என்றால் ஒரு வாளியைக் கொண்டுவந்து, படிக்கு மேலே மண்தரையில் நின்று தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகு ஆற்றில் முங்குங்கள். கேலி செய்வார்கள், பரவாயில்லை.

ஆனால் ஷாம்புப் பாக்கெட்! பல்லால் கடித்துக் கிழித்த மூலைத்துண்டு ஒன்று, உறை ஒன்று, ஆளுக்கு இரண்டு துண்டு. மூலைத்துண்டு விரல்நகம் அளவுதான் இருக்கும். படிக்கல் இடுக்கில் நுழைந்துவிட்டால் குச்சியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். நாங்கள் ஒரு காலைப்பொழுதில் அதிக நேரம் செலவழிப்பது இதற்குத்தான், குனிந்து குனிந்து இடுப்பு போகும். பாக்கெட்டை முழுசாகக் கிழிக்காமல் மூலை ஒட்டிக்கொண்டிருக்கும்படி கிழித்து, காலி உறையைச் சோப்பு டப்பாவுக்குள் போட்டு எடுத்துப்போனால் எங்கள் இடுப்பு உங்களை வாழ்த்தும்.

செப்டிக் டேங்க் இருக்கிறது. அப்புறம் எங்களால் ஆற்றுக்கு என்ன கெடுதல்?

டேங்கைக் கட்டிய கொத்தனாரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: டேங்கிலிருந்து வெளியே வரும் குழாய் எங்கே போகிறது? டேங்க் செய்வது பாதி வேலைதான். கட்டி அடியில் தங்கும், மேலே ஏடு மிதக்கும், நடுவில் இருக்கும் கலங்கல் தண்ணீர் வெளியேறும். அந்தத் தண்ணீரில் கிருமி அப்படியே இருக்கிறது. அது உறிஞ்சுகுழிக்குள் போய் மண்ணில் இறங்க வேண்டும். ஆனால் இடம் போதவில்லை என்று குழாயை வாறுகாலில் செருகிவிடுகிறார்கள். தெருவில் நடந்து போகும்போது வாசல்படிக்குப் பக்கத்தில் நாலு அங்குல பி.வி.சி. குழாய் வாறுகாலுக்குள் எட்டிப் பார்த்தால் விஷயம் அதுதான். எங்கள் தெருவில் அப்படி எட்டிப் பார்த்த குழாய்களில் ஒன்று என் அத்தான் வீட்டுக் குழாய். தீபாவளிக்கு முன் பேச்சு, பொங்கலுக்குப் பிறகு உறிஞ்சுகுழி. நடுவில் இரண்டு மாதம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்ய வேண்டும். நிரம்பி வழிந்த பிறகு கூப்பிடுவது நம் வழக்கம். அதற்குள் கட்டியும் சேர்ந்து வெளியே போய்விட்டிருக்கும். கழிவுநீர் லாரிக்கு 14420 என்ற எண்ணில் சொல்லலாம். தனியார் லாரி என்றால் உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று கேளுங்கள். நம் ஊருக்கு ராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. "இருட்டின பிறகு வாறேன்" என்கிற லாரி அங்கே போகாது என்று வைத்துக்கொள்ளலாம், விலை குறைவாகச் சொன்னாலும் வேண்டாம்.

இன்னும் ஒன்று, ஆற்றைவிடப் பெரிய விஷயம்: எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரை டேங்குக்குள் இறக்காதீர்கள். 2013-இல் வந்த சட்டம் அதைக் குற்றம் என்கிறது. விஷவாயு ஒரு மூச்சில் ஆளை முடித்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து.

பாதாளச் சாக்கடை இணைப்பு எடுத்தாயிற்று. மொட்டைமாடி மழைத்தண்ணீரையும் அதிலேயே விட்டால் என்ன?

பலரும் விடுகிறார்கள், அதனால்தான் மழை பெய்தால் தெருவில் மேன்ஹோல் மூடி துள்ளுகிறது. அந்தக் குழாய் வீட்டுக் கழிவுநீருக்கென்று கணக்குப் பண்ணிப் போட்டது. மழைநீர் சேர்ந்தால் பொங்கி வழிந்து, எல்லாம் வாறுகால் வழியாகக் கால்வாய்க்கே போகும். மாடித் தண்ணீர் போக வேண்டிய இடம் மழைநீர்த் தொட்டி. 2003-லேயே எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கினார்கள். அன்றைக்கு வெட்டிய குழி இப்போது பைக் நிறுத்துகிற இடமாக இருந்தால் ஒருநாள் தோண்டிப் பாருங்கள்.

பாபநாசத்தில் பரிகாரம் முடித்துத் துணியை ஆற்றில் விடச் சொன்னார்கள். விடாமல் இருந்தால் தோஷம் போகாதா?

தோஷத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. துணியைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் காலத்துப் பருத்தி வேட்டி ஆற்றில் போனால் நாளடைவில் மக்கியது. இன்றைக்கு விடுவது பாலியஸ்டர் சேலை, நைலான் பனியன், எலாஸ்டிக் வைத்த ஜட்டி. அது மக்குவதில்லை. பாறை இடுக்கில் சிக்கி, அதன்மேல் அடுத்தது சிக்கி, மணல் ஏறி, மெத்தை மாதிரி ஆகிவிடும். ஒரு சேலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் வராது, இரண்டு பேர் இழுத்தாலும் வராது. உள்ளே போய்ப் பார்த்தால் அதோடு ஏழெட்டுத் துணி பின்னிக்கொண்டு, நடுவில் செத்த நண்டு. நீச்சல் தெரிந்தவன் காலிலேயே இது சுற்றிக்கொண்டால் ஆபத்து. பாபநாசத்தில் அவ்வப்போது டன் கணக்கில் துணி எடுக்கிறார்கள், அடுத்த அமாவாசைக்கு மறுபடி அதே அளவு. 2018 அக்டோபரில் புஷ்கரம் என்ற ஆற்று நீராடல் விழாவுக்கு வந்த கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அர்ச்சகர்கள், புரோகிதர்கள் சிலரிடம் பேசினோம். ஒரு பெரியவர் சொன்ன வழி எல்லோருக்கும் பிடித்துப்போனது: கட்டியிருக்கும் துணியோடு முங்கி எழுந்து, கரையில் வைத்திருக்கும் தொட்டியில் துணியைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ஏற்கெனவே இருக்கிற வழக்கம்தான். தொட்டி மட்டும் புதுசு.

அஸ்தி கரைப்பது? பூ? பால்?

அஸ்தியால் ஆறு கெடாது. சாம்பலும் எலும்புத்துண்டும் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்தான். கூட வருவதுதான் கெடுக்கும். மாலையின் நைலான் நூல், ஜரிகைத்தாள், பாலிதீன் பை, இறந்தவரின் மூக்குக்கண்ணாடி, மாத்திரைப் பெட்டி. போன வருஷம் ஒரு செயற்கைப் பல்செட்டை எடுத்தோம், வெகுநேரம் யாரும் பேசவில்லை. அஸ்தியை மட்டும் கரையுங்கள், கலயத்தைக் கரையில் வையுங்கள்.

பூ கொஞ்சமாக இருந்தால் ஒன்றும் இல்லை. கோயிலிலிருந்து கூடை கூடையாக வருவதுதான் சிக்கல், அது செடிக்கு நல்ல உரம். பழைய சாமி படங்களைத் தயவுசெய்து போடாதீர்கள். சட்டத்திலிருந்து கண்ணாடி உடைந்து, அதே சாமியைக் கும்பிட வந்தவர் காலைத்தான் கிழிக்கிறது.

பால் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பாலின் பி.ஓ.டி. லிட்டருக்குச் சுமார் 1,00,000 மில்லிகிராம், அதாவது சாக்கடைத் தண்ணீரைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. ஆற்றுக்கு ஒரு சொட்டுப் பால், மிச்சம் கரையில் நிற்கிற பிள்ளைகளுக்கு என்று ஆக்கிவிட்டால் தாமிரபரணித் தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் சிலைதான் வாங்குகிறோம். அது போதுமா?

வர்ணம் பூசாத களிமண் என்றால் போதும், வீட்டு வாளியிலேயே கரைத்து ரோஜாத்தொட்டியில் ஊற்றிவிடலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கரையவே கரையாது, தண்ணீர் வற்றினால் கை வேறு தும்பிக்கை வேறாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சில் ஈயம், குரோமியம் போன்றவை இருந்தால் அவை வண்டலில் தங்கிவிடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்திய வழிகாட்டுதல் இந்தச் சிலைகளுக்குத் தடை சொல்கிறது. 2023-இல் நம் திருநெல்வேலிச் சிலைகள் விவகாரமே மதுரைக் கிளை வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது, தடை நீடித்தது.

வாங்கும்போது நகத்தால் அடியில் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக மாவு மாதிரி உதிர்ந்தால் களிமண் அல்ல.

பழைய மாத்திரையைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் குழந்தைகள் கைக்குப் போகாது, நல்லதுதானே?

குழந்தைகள் கைக்குப் போகாது, மீன் வாய்க்குப் போகும். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் மாத்திரையை வடிகட்டுவதற்காகக் கட்டியதல்ல. ஆன்டிபயாடிக் தண்ணீரில் தொடர்ந்து கலந்தால், அதற்கு மசியாத கிருமிகள் வளரும். காலாவதியான மருந்து, ஊசி, பேட்டரி, டியூப்லைட் எல்லாம் வீட்டில் ஒரு தனி டப்பாவில் சேரட்டும், தூய்மைப் பணியாளரிடம் இன்னது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். திடக்கழிவு விதிகளும் தனியாகப் பிரித்துக் கொடுக்கத்தான் சொல்கின்றன.

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவை நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டிவிட்டுப் போனதும், பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு அங்கிருந்தே லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஊரே கொதித்தது, நியாயம்தான். அந்த வாரத்தில் என்னிடம் ஆவேசமாகப் பேசிய ஒருவர் வீட்டில் இன்சுலின் ஊசி எங்கே போகிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பின்னால கால்வாய்தான்" என்றார்.

ஆற்றில் ஆட்டோ, லாரி கழுவலாமா?

கூடாது. கிரீஸும் டீசலும் தண்ணீரில் விழும். மேட்டில் நிறுத்தி வாளித் தண்ணீரில் கழுவுங்கள்.

கறிக்கடை, மீன்கடைக் கழிவை மீன் தின்றுவிடும் என்கிறார்களே?

கைப்பிடி போட்டால் தின்னும். மூட்டையாகக் கட்டிக் கால்வாய்ப் பாலத்திலிருந்து தள்ளினால் மூட்டைக்குள் மீன் எப்படி நுழையும்? நாய்கள்தான் இழுத்துப் போடும்.

அமலைச்செடி பச்சைப்பசேலென்று அழகாகத்தானே இருக்கிறது? தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்றும் படித்தேன்.

ஆகாயத்தாமரை என்று மற்ற ஊர்களில் சொல்வதை நம் பக்கம் அமலைச்செடி என்போம். தென் அமெரிக்காச் செடி. தண்ணீரில் இருக்கிற சத்தை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் அதை வெளியே எடுத்துப் போட்டால்தான் அந்தச் சத்தும் வெளியே போகும். அங்கேயே அழுகினால் உறிஞ்சியதெல்லாம் மறுபடி தண்ணீருக்கே. மேலே மூடியிருக்கும் இடத்தில் வெளிச்சமும் காற்றும் கீழே போகாது, கொசு கொண்டாடும்.

மாநகராட்சி ஜே.சி.பி. வைத்து அள்ளும், மூன்று மாதத்தில் மறுபடி மூடிவிடும். மூன்று மாதமும் சாக்கடை அதற்கு உரம் போட்டுக்கொண்டிருக்கிறதே. அமலை தழைக்கிற இடத்துக்குச் சற்று மேலே தேடினால் பெரும்பாலும் ஒரு வாறுகால் வந்து விழும். நாங்கள் இப்போது இதைத் துப்பு மாதிரி பயன்படுத்துகிறோம்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா?

மலையை விட்டு இறங்கும் இடத்தில் ஆசைப்பட்டால் அது உங்கள் துணிச்சல். ஊருக்குக் கீழே வேண்டாம். மலக்கிருமி கண்ணுக்குத் தெரியாது. குளிப்பதற்கே 100 மில்லிலிட்டரில் மலக் கோலிஃபார்ம் என்ற குடல் கிருமி 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது என்கிறது வரையறை.

"அப்போ நமக்கு வருகிற குழாய்த் தண்ணீர்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். அது ஆற்றுமணலுக்குள் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து எடுத்து, குளோரின் போட்டு வருவது. மணல்தான் முதல் வடிகட்டி, மணல் அள்ளி அள்ளிப் பாறை தெரிகிற இடத்தில் அந்த வடிகட்டியும் இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி மட்டுமில்லை, விருதுநகர் மாவட்ட ஊர்கள் வரை இந்த ஆற்றைத்தான் குடிக்கின்றன. மேலே இருப்பவன் கழுவுவதைக் கீழே இருப்பவன் குடிக்கிறான் என்பதில் சுவாரசியம் என்னவென்றால், நமக்கும் மேலே அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி இருக்கின்றன.

புகார் சொன்னால் நடவடிக்கை எடுக்கிறார்களா?

எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. "ஆறு நாறுகிறது" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். எந்தத் தெரு, எந்த மதகுக்குப் பக்கம், எந்த நாள், எத்தனை மணி, எத்தனை குழாய் என்று போட்டோவோடு எழுதினால் தட்டிக்கழிப்பது கஷ்டம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. ஆலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். 1974-ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதினால் கடிதத்துக்குக் கொஞ்சம் எடை கூடும்.

ஓர் அலுவலகத்தில் எங்கள் மனு நாலு மாதம் காணாமல் போயிருக்கிறது. இன்னொன்றில், கேட்ட மூன்றாம் நாளே உடைந்த குழாயை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டையும் பார்த்தாயிற்று, ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள்.

நீங்கள் அள்ள அள்ள அவர்கள் போடுகிறார்கள். சலிப்பாக இல்லையா?

இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு ரொம்பவே இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த வெள்ளம் அது. தண்ணீர் வடிந்ததும் கரைக்குப் போனோம். மருதமரத்தில் என் தலைக்கு மேலே இரண்டாள் உயரத்தில் கேரிபேக்குகள் வௌவால் மாதிரி தொங்கின. 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பைகள். ஏணி வைத்து எடுத்தோம், எட்டாததை விட்டுவிட்டோம். சில இன்னும் அங்கேதான் இருக்கின்றன, வெயிலில் இற்றுத் துணுக்குத் துணுக்காக உதிர்கின்றன.

அள்ளுவதால் ஆறு சுத்தமாகிவிடும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. அள்ளுகிற இடத்தில் நின்றால்தான் ஆட்கள் வந்து பேசுகிறார்கள். வீடு வீடாகப் போய்ச் செப்டிக் டேங்க் பற்றிப் பேசினால் கதவைச் சாத்துவார்கள்.

நானும் வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

தாராளமாக. செருப்பு வேண்டாம், மூடின ஷூ போட்டு வாருங்கள், சாமிபடக் கண்ணாடி எங்கும் கிடக்கும். தடிமனான கையுறை. பழைய உரச்சாக்கு இருந்தால் இரண்டு, பாலிதீன் பை ஈரத்துணியின் கனம் தாங்காது. எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் கையில் காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் பிரிக்கிற வேலை நிறைய இருக்கிறது. நீச்சல் தெரியாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே வேலைதான்.

எடுத்த துணியைப் பிழிந்து படியில் பரப்பி, தண்ணீர் வடிந்த பிறகே சாக்கில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. குப்பை வண்டிக்குச் சனிக்கிழமையே சொல்லி வைப்பது வழக்கம். ஒரு தடவை மறந்துபோனோம். பதினேழு சாக்கைப் படித்துறையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். திங்கட்கிழமை காலையில் குளிக்கப் போனவர் போன் பண்ணினார்: ராத்திரி நாய்கள் கிழித்து, எல்லாம் பழையபடி படி முழுக்கக் கிடக்கிறது, பாதி தண்ணீருக்குள். லீவு போட முடிந்தவர்கள் மட்டும் போய் மறுபடி பொறுக்கினோம்.